தேடினால் கிடைக்கணும்

ஜெபராணி அக்கா முகத்தில் ஃபேஸ் பேக்கைப் பூசி முடித்து, பன்னீரில் நனைத்த பஞ்சை இரண்டு கண்ணிலும் ஒத்தி வைத்து, இது காய்கிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது, கொட்டாவிகூட விடக் கூடாது, வெடிப்பு விழுந்தால் நாளைக்குப் பூ வைக்க வருகிறவர்களுக்கு நான் ஜவாப்தாரி இல்லை என்று சொல்லிவிட்டு, முன் அறையில் காத்திருந்த பெண்ணுக்கு முடி வெட்டப் போய்விட்டாள். உலகம்மை சாய்வு நாற்காலியில் மல்லாந்து கிடந்தாள். முகத்தில் ஈர மண் மாதிரி ஏதோ ஒன்று குளிர்ந்துகொண்டிருந்தது. சந்தனமா முல்தானி மட்டியா என்று முதலிலேயே கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, இனிமேல் கேட்கவும் முடியாது. வெளியே சாரல். ஆனி மாதம் சாரல் விழாவிட்டால் தென்காசிக்காரர்களுக்கு வர வேண்டிய விருந்தாளி வராத மாதிரி மூஞ்சி தொங்கிப் போகும். இந்த வருஷம் அந்தக் குறை இல்லை, பார்லரின் தகரக் கூரையில் அது விடாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. ஆடி பிறப்பதற்குள் பூ வைத்துவிட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள், அப்பா சரி என்றார், அம்மா சரி என்றாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்ல நேரம் இருக்கிறது என்று ஜோசியரும் சரி சொல்லிவிட்டார். இத்தனை பேர் சரி சொன்ன பிறகு பெண்ணின் முகத்தில் பளபளப்பு ஒன்றுதான் பாக்கி என்று அம்மா இங்கே அனுப்பி வைத்தாள். போன் வயிற்றின் மேல் கிடந்தது. மூச்சை இழுக்கும்போது அது மேலே ஏறியது, விடும்போது இறங்கியது. அதற்குள் காந்திமதி அக்காவின் குரல் இருந்தது.

காந்திமதி, மாப்பிள்ளையின் அக்கா. மாப்பிள்ளை சங்கரநாராயணன் கோயம்புத்தூரில் ஒரு பம்புசெட் கம்பெனியில் சர்வீஸ் பிரிவில் இருக்கிறான். அக்கா சென்னையில் ஒரு பெரிய கம்பெனிக்கு ஆள் எடுத்துக் கொடுக்கிற உத்தியோகத்தில் இருக்கிறாள். நாளைக்கு உலகம்மையின் தலையில் பூ வைக்கப் போவது அவள் கைதான், அது நாத்தனாரின் உரிமை. நாத்தனார் என்றாலே முள் இருக்கும் என்று உலகம்மை கேள்விப்பட்டிருந்தாள். இவளிடம் முள் இல்லை. அதுதான் சங்கடம், முள் இருந்தால் ஒதுங்கியாவது போகலாம். காலையில் வந்த குரல் செய்தியில் அத்தனை பிரியம். உத்தியோகஸ்தர்கள் ஒருவருக்கொருவர் கைகுலுக்கிக்கொள்ளும் அந்த இணையதளத்தில் உன்னைத் தேடு தேடென்று தேடினேன், ஆளையே காணோம், இந்தக் காலத்தில் தேடினால் கிடைக்கணும் உலகா, கிடைக்காவிட்டால் இல்லாத மாதிரிதான் என்று ஆரம்பித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு நீ கோயம்புத்தூருக்கு வரத்தானே வேண்டும், அங்கே உன் தொழிலில் இரண்டு கம்பெனியில் எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள், சொல்லி வைக்கிறேன், ஆனால் நான் சொன்ன உடனே அவர்கள் செய்கிற முதல் காரியம் பெயரைப் போட்டுத் தேடுவதுதான் என்றாள். அப்புறம் பாடம். முகம் தெளிவாகத் தெரிகிற போட்டோ வை, பின்னால் பீரோ தெரியக் கூடாது. பெயருக்குக் கீழே வருகிற வரியில் கனவைத் துரத்துகிறேன் காற்றைப் பிடிக்கிறேன் என்று எழுதாதே, கம்பெனிக்காரன் எந்த வார்த்தையைப் போட்டுத் தேடுவானோ அந்த வார்த்தையை எழுது. ஊர் என்ற இடத்தில் தென்காசி என்று போட்டால் குற்றாலத்தில் குளிக்கத்தான் எவனாவது வருவான். எல்லாவற்றுக்கும் மேல் நடப்பு வேலை, எந்தக் கம்பெனி, எந்த மாதத்திலிருந்து என்று சுத்தமாக இருக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் முடித்துவிடு, எங்கள் வீட்டில் பெரியவர்கள் சின்னவர்கள் எல்லாரும் பெண் என்ன வேலை பார்க்கிறாள் என்று குடைகிறார்கள், லிங்க்கை அனுப்பிவிட்டால் ஒரே வேலையாகப் போகும். குரல் செய்தி அங்கே முடிந்தது. உலகம்மை அதை மூன்றாவது தடவையும் கேட்டிருந்தாள், ஏதாவது ஓரத்தில் சந்தேகம் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க. இல்லை. நல்ல மனசுதான் முழுக்க.

நடப்பு வேலை. பஞ்சுக்கு அடியில் கண் மூடியிருக்க, அந்த இரண்டு வார்த்தையும் இருட்டில் தனியாக நின்றன. ஆள் கிடைக்காததற்குக் காரணம் அவளேதான். மார்ச் கடைசியில் வேலை போனது. ஏப்ரலில், ஜாதகம் பொருந்தியிருக்கிறது, மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு விருப்பம் என்று தரகர் போன் செய்த அன்று மாலை, அவள் மாடிக்குப் போய்த் தன் ப்ரொஃபைலை யார் கண்ணிலும் படாதபடி மூடி வைத்தாள். ஒரே ஒரு அழுத்தல். திரும்பவும் அதே இடத்தில் ஒரு அழுத்தல் அழுத்தினால் திறந்துகொள்ளும். திறந்தால் உள்ளே எல்லாம் பழையபடி இருக்கும், கம்பெனி பெயர், சேர்ந்த மாதம், அதற்குக் கீழே 'இப்போதும் இங்கே பணிபுரிகிறேன்' என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம், கட்டத்துக்குள் ஒரு டிக். அந்த டிக்கை அவள் எடுக்கவே இல்லை. எடுக்க வேண்டும் என்று ஏப்ரலில் நினைத்தாள், மே மாதம் நினைத்தாள். மூடி வைத்த வீட்டுக்குள் விளக்கு எரிந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டாள். இப்போது புதிதாகப் பொய் என்று எதையும் எழுத வேண்டியதில்லை. ஒன்றும் செய்யாமல் கதவை மட்டும் திறந்துவிட்டால் போதும், அந்த டிக்கே பேசிக்கொள்ளும். அப்பா சொன்னது மாதிரி. முகத்தில் மூக்கோரமாக பேக் லேசாக இறுகத் தொடங்கியிருந்தது.

அப்பா சொன்னது. அங்கே போகாதே என்று மனதைத் தடுத்தாள், அது ஒரு சுற்றுச் சுற்றி அங்கேயே வந்து நின்றது. பெண் பார்க்க வந்த அன்று சங்கரநாராயணனின் அப்பா வாழைக்காய் பஜ்ஜியைப் பிட்டுக்கொண்டே சும்மாதான் கேட்டார், பாப்பா லீவு போட்டுட்டு வந்திருக்காளா என்று. பதிலை அவர் எதிர்பார்க்கக்கூட இல்லை, பஜ்ஜியிலேயே கவனமாக இருந்தார். அப்பா, "ஆமா, லீவுதான்" என்றார். எச்சில் விழுங்காமல், ஒரு இமை தட்டாமல். அப்பா ஆறுமுகம் மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டுக்கு வரும் பால்காரரிடம் ஒரு நாள் பாக்கெட் வரவில்லை என்று சொல்வதற்கே இரண்டு தடவை யோசிக்கிறவர், ஒருவேளை வந்து நாம்தான் எடுக்காமல் விட்டோமோ என்று. அந்த மனுஷர் சொன்னார். கேட்டால் சொல்வோம், கேட்காவிட்டால் நாமாக எதற்கு என்று முதல் நாள் வீட்டில் பேசி வைத்திருந்தது உண்மைதான். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணணும்னு சும்மாவா சொன்னாவ என்று அம்மா கத்தரிக்காய் நறுக்கியபடியே தீர்ப்பும் எழுதினாள். ஆனால் கேட்டபோது சொல்லவில்லையே. பாயில் உட்கார்ந்திருந்த உலகம்மைக்கு அப்பாவின் கால் பெருவிரல் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. எதிரே சங்கரநாராயணன் காபி டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான். அன்று இரவு அப்பா மோருக்குச் சோறு போட்டுக்கொள்ளாமல் எழுந்துவிட்டார். அன்றிலிருந்து அம்மா ஒரு படி மேலே போய்விட்டாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தெருவில் கத்தினால், ஏல சத்தம் போடாதிய, பாப்பா மீட்டிங்குல இருக்கா என்று மாடியைக் காட்டுகிறாள். மாடியில் பாப்பா பழைய லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எண்பது கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருப்பாள். லீவுதான். ஒரு வகையில் பார்த்தால் லீவு என்பது என்ன, வேலைக்குப் போகாமல் இருப்பதுதானே. இப்படி ஒரு வகையில் பார்க்கத் தொடங்கினால் எதையும் எப்படியும் பார்க்கலாம். அவளுக்கு அப்பாமேல் கோபம் இல்லை. பாவமாக இருந்தது, அது கோபத்தைவிட மோசம்.

மெடிக்கல் கோடிங் என்று சொன்னால் தென்காசியில் பாதிப் பேர் அவளைப் பாதி டாக்டராக நினைத்தார்கள், மீதிப் பேர் கம்ப்யூட்டர் என்று தலையாட்டிவிட்டு நகர்ந்தார்கள். வேலை என்னவோ இதுதான்: கடல் தாண்டி ஒரு ஆஸ்பத்திரியில் யாருக்கோ உடம்பு சரியில்லை, டாக்டர் எழுதி வைத்ததைப் படித்து, இன்ன நோய்க்கு இன்ன நம்பர், இன்ன சிகிச்சைக்கு இன்ன நம்பர் என்று போட வேண்டும். நம்பர் சரியாக இருந்தால்தான் இன்சூரன்ஸ்காரன் அதை ஒத்துக்கொள்வான். எல்லாவற்றுக்கும் நம்பர் உண்டு. கிளி கடித்ததற்கு உண்டு. ஏணியிலிருந்து விழுந்ததற்கு உண்டு. சேர்ந்த புதிதில் சென்னைப் பெருங்குடி ஆபீசில் இதையெல்லாம் தேடித் தேடிச் சிரிப்பார்கள், ரஹ்மத் நிஷாதான் ஒருநாள் வேலை இல்லாமல் இருப்பதற்கும் நம்பர் இருக்குடி என்று கண்டுபிடித்துக் காட்டினாள், அன்று எல்லாரும் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். ஒன்பது வருஷம். முதல் வருஷத்தில் அவளுக்கு விழுந்த பெரிய தப்பு ஒன்று இன்னும் நினைவிருக்கிறது. ஒரு அம்மாளுக்கு மார்பில் கட்டி இருந்து, அறுத்து எடுத்து, மருந்தெல்லாம் முடிந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. இப்போது அந்த அம்மாள் வந்தது சளிக்காக. உலகம்மை புற்றுநோய் இருக்கிறது என்று நம்பர் போட்டுவிட்டாள். தணிக்கை செய்த சீனியர் அவளைத் திட்டவில்லை, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். இருந்து முடிந்ததற்கு வேறு நம்பர், இருக்கிறதற்கு வேறு நம்பர், முடிந்ததை நடப்பதாகப் போட்டால் இல்லாத நோய்க்கு அவளைச் சாகும் வரைக்கும் நோயாளியாக்கி விடுகிறாய். அதற்கப்புறம் அந்தத் தப்பு அவள் கையிலிருந்து விழவே இல்லை. சந்தேகமாக இருக்கிறது என்று டாக்டர் எழுதினால் அதற்கு நம்பர் போட மாட்டாள், உறுதி என்று எழுதினால்தான். எழுதாதது நடக்கவில்லை, எழுதியதுதான் நடந்தது. அப்படித்தான் அவள் பழக்கப்பட்டிருந்தாள். கடைசி ஒரு வருஷம் மெஷின் போட்ட நம்பரைச் சரிபார்க்கச் சொன்னார்கள். சரிபார்க்கச் சரிபார்க்க அது தேறிக்கொண்டே வந்தது. தேறட்டும் என்று அவளும் கருத்தாகத்தான் சொல்லிக் கொடுத்தாள், அடுப்புக்கு விறகு வெட்டிக் கொடுத்த ஆட்டுக்கிடா மாதிரி. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை வீடியோ அழைப்பு. எதிர்ப்பக்கத்துப் பெண்ணின் முகம் வருத்தமாக இருக்க வேண்டிய இடத்தில் நெட் நின்றுபோய் வாய் பாதி திறந்தபடி உறைந்திருந்தது, குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. லேப்டாப்பைக் கூரியரில் அனுப்பினாள், அடையாள அட்டையையும் சேர்த்து அனுப்பினாள். அந்தப் போட்டோவில் அவள் நன்றாக இருப்பாள்.

போட்டோ. ஒரு கண்ணின் பஞ்சை மெல்ல எடுத்து நெற்றிக்கு மேல் வைத்தாள். ஒற்றைக் கண்ணில் பார்லர் கூரை சாய்வாகத் தெரிந்தது, பல்லி ஒன்று டியூப் லைட்டுக்குப் பின்னால் போனது. போனை மூக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். தெளிவாக முகம் தெரிகிற போட்டோ என்று கையில் இருப்பது ஒன்றுதான், தரகருக்குக் கொடுப்பதற்காக ஸ்டுடியோவில் எடுத்தது, மாம்பழ மஞ்சள் பட்டு, கழுத்தில் அம்மாவின் அட்டிகை, ஒரு பக்கமாகத் தலையைச் சாய்க்கச் சொன்ன ஸ்டுடியோக்காரரின் ரசனை. அட்டிகைக்கு மேலே வெட்டினாள். வெட்டிய பிறகும் கல்யாணக் களை போகவில்லை, கழுத்துக்குக் கீழே எங்கோ மேளம் அடிக்கிற மாதிரியே ஒரு சிரிப்பு. போகட்டும், மாப்பிள்ளைக்குக் காட்டிய முகத்தைத்தான் முதலாளிக்கும் காட்ட வேண்டியிருக்கிறது. இரண்டு பேரும் ஒரே கேள்வியைத்தானே கேட்கிறார்கள், எத்தனை நாள் நிலைப்பாய் என்று. பெயருக்குக் கீழே வரி. அதில் அவள் முன்பு என்ன எழுதியிருந்தாள் என்று பார்த்து வெட்கப்பட்டாள், ஆரோக்கியத் துறையில் ஆர்வமுள்ளவள் என்று இருந்தது. ஆர்வம் என்று போட்டு எவன் தேடுவான். அழித்தாள். மெடிக்கல் கோடர், ஒன்பது ஆண்டு அனுபவம், புற்றுநோய், இதய நோய், தணிக்கை என்று எழுதினாள். இது சுலபமாக வந்தது. இன்ன வார்த்தைக்கு இன்ன ஆள் என்பதும் ஒருவகை நம்பர் போடுகிற வேலைதான், அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஊர் என்ற இடத்தில் கோயம்புத்தூர் என்று அடித்துவிட்டு விரல் நின்றது. இன்னும் போகாத ஊர். பூ விழாத தலை. அழித்துவிட்டுச் சென்னை என்று போட்டாள், அதுவாவது கொஞ்சம் உண்மை. கன்னத்தில் பேக் இறுகி, சின்னக் குழந்தையின் கை ஒன்று பிடித்து இழுப்பது மாதிரி இருந்தது.

அப்புறம் அந்தக் கட்டம். டிக் அப்படியே உட்கார்ந்திருந்தது. அதற்கு மேலே போகாமல் வேறு பக்கம் போனாள். வேலை தேடுகிறேன் என்று சொல்லிக்கொள்ள அந்தத் தளத்திலேயே ஒரு வசதி இருக்கிறது, எல்லாருக்கும் காட்டு, அல்லது ஆள் எடுக்கிறவர்களுக்கு மட்டும் காட்டு என்று இரண்டு வழி. ரஹ்மத் நிஷாவும் அதே வெள்ளிக்கிழமை வேலை போனவள்தான். கடையநல்லூரில் அவள் வீட்டில் யாருக்கும் தெரியாமல் இரண்டாவது வழியில் போட்டு வைத்து மூன்றே வாரத்தில் வேலை வாங்கிவிட்டாள், நீயும் போடுடி, பயப்படாதே, கம்பெனிக்காரன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும், சொந்தக்காரன் கண்ணுக்குத் தெரியாது என்று நூறு தடவை சொல்லியிருக்கிறாள். ரஹ்மத்துக்கு என்ன தெரியும், அவளுடைய நாத்தனார் ஆள் எடுக்கிற உத்தியோகத்திலா இருக்கிறாள். உலகத்தில் இத்தனை கோடிப் பேர் இருக்க, யார் கண்ணில் பட வேண்டுமோ அவர்கள் கூட்டத்தில்தான் யார் கண்ணில் படக் கூடாதோ அவளும் நிற்கிறாள். எல்லாரிடமும் மறைத்து ஆள் எடுக்கிறவர்களுக்கு மட்டும் காட்டினால், ஊரில் வேறு யாருக்கும் தெரியாமல் காந்திமதிக்கு மட்டும் தெரியும். உலகம்மைக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது. உதட்டைக் கடித்து அடக்கினாள், அடக்கிய சிரிப்பு பயமாக மாறியது. வைக்க வந்த பூவை வைக்காமல் கூடையோடு எடுத்துப் போனார்கள் என்று மேட்டுத் தெருவில் ஒரு வீட்டைப் பற்றி இன்னும் சொல்கிறார்கள், அந்தப் பெண்ணுக்கு இப்போது பேரன்கூட இருக்கலாம், கூடை மட்டும் ஊர் வாயிலிருந்து இறங்கவில்லை. அவள் விஷயத்தில் கூடையோடு இன்னொன்றும் சேரும். ஆறுமுகம் பொய் சொன்னாராம் என்பது சேரும். அப்பா தினம் காலையில் ரத வீதி முக்கில் டீ குடிக்கப் போகிறவர், நாலு பேர் நின்று வணக்கம் சொல்வார்கள். முப்பத்தொரு வயதுப் பெண்ணுக்கு இன்னொரு வரன் வரலாம், வராமலும் போகலாம். அப்பாவுக்கு இன்னொரு பெயர் எங்கிருந்து வரும்.

அப்படியே விட்டால் என்ன. டிக் இருக்கட்டும். கதவைத் திறந்துவிட்டுப் பஞ்சைக் கண்ணில் வைத்துக்கொண்டு படு. காந்திமதி லிங்க்கை வீட்டில் எல்லாருக்கும் அனுப்புவாள், எல்லாரும் பார்த்து அடேயப்பா ஒன்பது வருஷமா என்பார்கள், நாளைக்குப் பூ விழும். அப்புறம். அப்புறம் காந்திமதி சொன்ன சொல் தவறாதவள், கோயம்புத்தூரில் அந்த இரண்டு பேரிடமும் என் தம்பி பொண்டாட்டி என்று பெருமையாகப் பேசுவாள். அவர்கள் பழைய கம்பெனிக்குப் போன் போட்டு விசாரிப்பார்கள், அதுதான் வழக்கம். மார்ச்சிலேயே போய்விட்டாளே என்று பதில் வரும். அதை அவர்கள் காந்திமதியிடம்தான் சொல்வார்கள், என்னம்மா நீயே ஆள் எடுக்கிறவள், வீட்டு ஆளையே சரியாகப் பார்க்கவில்லையா என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்தச் சிரிப்பு உலகம்மைக்கு இப்போதே கேட்டது. முன் அறையில் ஜெபராணி அக்கா அந்தப் பெண்ணிடம், பின்னால இன்னும் கொஞ்சம் எடுக்கவா என்று கேட்டுக்கொண்டிருந்தாள், கத்தரி சும்மாவே காற்றில் இரண்டு தடவை கத்தரித்தது. கெடுதல் நினைத்தவள் ஒருத்தி தலை குனிந்தால் பரவாயில்லை. நல்லது நினைத்தவள் குனிவாள், அதுவும் இவள் தலையில் பூ வைத்த கையோடு. உலகம்மை திரும்ப அந்தக் கட்டத்துக்கு வந்தாள். தைரியம் வந்தது என்று சொல்ல முடியாது. ஒன்பது வருஷம் ஒரு தப்பைப் பார்த்தால் திருத்தாமல் அடுத்ததுக்குப் போகாத விரல், அதற்கு அரித்தது. டிக்கை எடுத்தாள். உடனே முடிந்த மாதம் என்று ஒரு புதுக் கட்டம் வாயைப் பிளந்துகொண்டு வந்தது. மார்ச் என்று போட்டாள். சேமித்தாள். மூடி வைத்ததைத் திறந்தாள். காந்திமதிக்கு லிங்க்கை அனுப்பிவிட்டு, பஞ்சைத் திரும்பக் கண்ணில் வைத்துக்கொண்டாள்.

போன் அடித்தபோது பேக் முழுக்கக் காய்ந்திருந்தது. முகம் அவளுடையது இல்லாத மாதிரி விறைத்துக் கிடந்தது. அந்தப் பக்கம் சங்கரன்கோவிலில் மாப்பிள்ளை வீட்டின் இரைச்சல், யாரோ பாத்திரத்தை இறக்குகிறார்கள், ஒரு குழந்தை அழுகிறது. நாளைய ஏற்பாட்டுக்காக எல்லாரும் அங்கே வந்து சேர்ந்துவிட்டார்கள் போல.

"உலகா, பாத்தேன். நல்லா வந்திருக்கு, போட்டோகூட அம்சமா இருக்கு" என்றாள் காந்திமதி. "ஒரே ஒரு எடத்துல மட்டும் கை பட்டு மாறிருச்சு போல. மார்ச்சோட வேலை முடிஞ்சிருச்சுன்னு காட்டுது பாரு. அத மட்டும் சரி பண்ணிரு, நான் எல்லாருக்கும் அனுப்பிருதேன்."

இப்படி ஒரு வழி வரும் என்று உலகம்மை நினைக்கவே இல்லை. கை பட்டு மாறிவிட்டது. ஆமாக்கா என்று சொன்னால் போதும், தெரிந்தேதான் சொல்கிறாளா, நிஜமாகவே அப்படி நினைக்கிறாளா, தெரிந்தே சொல்வதானால் எவ்வளவு பெரிய மனசு, தெரியாமல் சொல்வதானால் இன்னும் பெரிய மனசு, எப்படியானாலும் ஆமாக்கா என்பது ஒரே வார்த்தை, உதட்டைக்கூட அதிகம் அசைக்க வேண்டாம், பேக் வெடிக்காது, அப்பாவும் இதைவிடச் சின்ன வார்த்தையாகத்தான் அன்று எடுத்தார், ஆமா.

"கை படலக்கா. சரியாத்தான் போட்டிருக்கேன்."

வாயின் இரண்டு ஓரத்திலும் பேக் பிளந்தது, அவளுக்கே கேட்டது. அந்தப் பக்கம் காந்திமதி நடக்கிற சத்தம். ஒரு கதவு சாத்தப்பட்டது, குழந்தையின் அழுகை தூரப் போனது.

"ஒங்க அப்பா லீவுன்னு சொன்னாவளே."

"எனக்காகச் சொன்னாங்கக்கா. அவங்களுக்குப் பொய் சொல்லிப் பழக்கம் கிடையாது. அன்னைக்கு நான் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன், நான் சொல்லிருக்கணும். தப்பு என்மேலதான்."

எதற்காக விட்டார்கள் என்று காந்திமதி கேட்டாள், குரல் மாறியிருந்தது, அது வேலைக்கு ஆள் எடுக்கிறவளின் குரல். பாதிப் பேரை விட்டுவிட்டார்கள், மெஷின் பார்த்துக்கொள்கிறது என்று உலகம்மை சொன்னாள். உன்னை மட்டும் தனியாக இல்லையே என்று கேட்டாள். இல்லை. கடைசித் தணிக்கையில் எத்தனை சதவீதம் சரி என்று கேட்டாள். சொன்னாள். ம் என்றாள். அப்படியென்றால் வேலை தேடுகிறேன் என்று பெயருக்குக் கீழேயே போடு, அடியில் மாதத்தை மட்டும் மாற்றி வைத்தால் எவன் கண்ணில் படும், மறைப்பதானால் முழுசாக மறை, காட்டுவதானால் முழுசாகக் காட்டு என்றாள். உலகம்மை சரியென்றாள்.

"இது வேலை விசயம், அதனால சொல்லுதேன். மத்தது நான் சொல்லதுக்கு இல்ல" என்றாள் காந்திமதி. "தம்பி நம்பர ஒனக்கு அனுப்பும்போது பூ வைக்க வரைக்கும் பேசாதிய, அது மொறை இல்லன்னு நான்தான் சொன்னேன். இப்ப நானே சொல்லுதேன், பேசு. நாளைக்கு வேண்டிய பூவுக்குக் கடையில சொல்ல இப்பத்தான் கெளம்பிப் போறான். அவன் என்ன சொல்லுதானோ அதுதான்."

வைக்கிறேன் என்று சொல்லாமலே வைத்துவிட்டாள். உலகா என்று ஒரு தடவைகூடக் கடைசியில் கூப்பிடவில்லை. உலகம்மை அதைக் கவனித்தாள். இனிமேல் இவளை மதினி என்று கூப்பிடுவோமா மாட்டோமா என்று தெரியாத நிலையில், அக்கா என்று இத்தனை நாள் கூப்பிட்டது இன்னும் செல்லுமா என்று ஒரு சம்பந்தமில்லாத யோசனை ஓடியது. பேச்சுக் குரல் கேட்டு ஜெபராணி அக்கா கத்தரியும் கையுமாக எட்டிப் பார்த்தாள். முகம் காய்ந்த குளம் மாதிரி வெடித்திருக்கிறது என்று தலையில் அடித்துக்கொண்டு, அத்தனை தடவை சொல்லியும் பேசிவிட்டாயா என்றாள். இன்னும் ஒரே ஒரு போன் பேச வேண்டும் என்று உலகம்மை சொன்னாள். பேசுட்டி, போனது போச்சு, இனி பேசினால் என்ன பேசாவிட்டால் என்ன, மறுபடி பூசி விடுகிறேன் என்று ஜெபராணி அக்கா உள்ளே போனாள். உலகம்மை எழுந்து உட்கார்ந்தாள். பஞ்சு இரண்டும் மடியில் விழுந்தன. அப்பாவிடம் முதலில் சொல்ல வேண்டாமா என்று ஒரு கணம் நினைத்தாள். சொன்னால் அப்பா தடுக்க மாட்டார், நானே பேசுகிறேன் என்பார், அவர் பேசும்போது அந்தப் பெருவிரல் தரையைத் தேய்க்கும். வேண்டாம். சங்கரநாராயணன் என்று சேமித்திருந்த நம்பரை அழுத்தினாள். அவனிடம் அவள் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

நெடு நேரம் அடித்தது. எடுத்தபோது முதலில் காற்றுதான் கேட்டது, பைக் ஓடுகிற காற்று, அதற்குள் ஒரு பஸ்ஸின் ஹாரன். ஹலோ யாரு என்று கத்தினான்.

"நான் உலகம்மை. தென்காசி" என்றாள். அதற்கு மேல் என்ன சொல்லித் தொடங்குவது என்று எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை, அதனால் உள்ளதைச் சொன்னாள். "எனக்கு இப்ப வேலை இல்ல. மார்ச்லயே போயிருச்சு. ஒங்க அப்பா கேட்டப்ப எங்க அப்பா லீவுன்னு சொன்னாங்க. அது லீவு இல்ல."

காற்று அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. கேட்டதா கேட்கவில்லையா என்று தெரியவில்லை. திரும்பச் சொல்ல வேண்டியிருக்குமோ, திரும்பச் சொல்கிற தைரியம் மிச்சம் இருக்கிறதா என்று அவள் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் குரல் வந்தது.

"ஒரு நிமிசம். வண்டிய ஓரமா நிறுத்திக்கிடுதேன்."

காற்று குறைந்தது. சரளைக் கல்லில் டயர் நொறுங்கி நின்றது, என்ஜின் அணைந்தது, ஸ்டாண்டைத் தட்டிப் போடுகிற சத்தம் கேட்டது.

"ம், இப்ப சொல்லுங்க" என்றான்.